கிருத்திகையில் மூட்டாத அடுப்பு

"என்னம்மா ஆக்கிப் போடறீங்க இவருக்கு?"

டாக்டர் நிர்மலா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாஞ்சாலி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி மடமடவென்று சொன்னாள்.

"காலீல கேவுரு களி, ரெண்டு உருண்ட. முருங்கக்கீரயோ பொன்னாங்கண்ணியோ, எது கெடைக்குதோ அது. மத்தியானத்துக்கு டப்பாவுல களி, வேக வெச்ச கொள்ளு. ராத்திரிக்கி மறுபடியும் களி, இல்லாங்காட்டி கம்பு அட. சோறுன்னு எங்க வூட்ல ஆக்கறதே இல்ல டாக்டரம்மா. அரிசி பானைய தொறந்தே ரெண்டு வருசம் ஆவுது."

"சோறே கிடையாதா?"

"ஒரு பருக்க கெடையாது."

"அப்புறம் எப்படிம்மா சர்க்கரை முந்நூத்தி நாப்பது வரும்? போன மாசத்த விட ஏறியிருக்கு. கால பாத்தீங்களா? இந்த விரல் கறுத்துட்டு வருது. புண்ணு ஆறலைன்னா எடுத்துடணும். அதோட நிக்கும்னு சொல்ல முடியாது. ஆட்டோ ஓட்டறவரு, பிரேக் மிதிக்கற காலு."

"நான் வேற ஒண்ணியும் போடறதில்லைங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. பாவம்னு நெனச்சு ஒரு கரண்டி, ஆசையா கேட்டார்னு ஒரு கரண்டி. வீட்டுல சமைக்கறவங்க கையிலதாம்மா இருக்கு எல்லாம். அவரு உங்கள நம்பித்தானே உக்காந்திருக்காரு?"

அவரோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த பழத் தட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பது போல ஒரு முகம். பாஞ்சாலி அவர் பக்கம் திரும்பினாள். அவள் புருஷன் கஜபதி ஒரு தரம் இருமினார். அவ்வளவுதான்.

டாக்டர் காலையில் போடும் இன்சுலின் ஊசியின் அளவை ஏற்றி எழுதினார். கொஞ்சநஞ்சமல்ல, ஒன்றரைப் பங்காக.

வெளியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பாஞ்சாலி கேட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா? அந்தம்மா என்ன நாய வெரட்றா மாரி வெரட்றாங்க. நீ பாட்டுக்கு செவத்த பாத்துகினு கீற."

"இன்னாத்த சொல்றது? படிச்சவங்க சொன்னா கேட்டுக்கணும்."

"நான் இன்னா உனுக்கு வெல்லத்த கரைச்சா ஊத்தறேன்?"

"ஒடம்பு வாகு பாஞ்சாலி. எங்க நைனாவுக்கும் இப்படித்தான். காத்த குடிச்சாலும் சர்க்கரையா மாறிப்புடும்." வண்டியைக் கிளப்பினார். "வுடு. மனசுல வெச்சிக்காத."

அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. தன் சமையலைத்தான் சந்தேகப்பட்டாள்.

பாஞ்சாலிக்கு வேலை பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில். நந்தி ஆற்றுப் பக்கம் வீடு. அங்கிருந்து நடந்தே போய்விடுவாள். எட்டரைக்கெல்லாம் அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். அரிசி களைந்து, உலை வைத்து, பருப்பு கடைந்து, முட்டை அவித்து உரித்து, நூறு நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக் கொட்டுவாள். மலை மாதிரி குவிந்த சோற்றிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடிக்கும். வெறும் வயிற்றில் அந்த வாசனை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

உதவிக்கு இருக்கும் பிரபாவதி வாயாடி.

"யக்கா, ஒரு கரண்டி போட்டுக்கோ. முட்ட ரெண்டு மிஞ்சிகினு கீது பாரு."

"வேணாண்டி."

"உனுக்கா சர்க்கர? உன் வூட்டுக்காரருக்குத்தான? அவருக்கு காச்சல் வந்தா நீ கஷாயம் குடிப்பியா?"

"அந்த மன்சன் வாய கட்டிகினு கீறாரு. நான் இங்க குந்திகினு சோறு துன்னா அடுக்குமா?"

"அவரு இன்னா எட்டிப் பாக்கப் போறாரா?"

"அவரு பாக்காங்காட்டி? நான் பாக்கறேன் இல்ல."

"போ, நீயும் உன் பத்தினித்தனமும். ரவிக்க கைய பாரு, ரெண்டு கை நொழையும் போல கீது."

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாத்திரை போதாது, ஊசி போட்டாக வேண்டும் என்று ஆனபோது, கஜபதி சோற்றுத் தட்டின் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சோறு இல்லாமல் ஒரு பொழுதா, ஒரு சாப்பாடா என்று. அன்றைக்குத்தான் பாஞ்சாலி சொன்னாள்: "நீ துன்னாதத நானும் துன்ன மாட்டேன். போதுமா? கண்ண தொட." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னபடி இருந்தாள். வீட்டில் மகள் சௌமியாவுக்கு மட்டும் கல்லூரி போகும் பெண்ணென்று கடை மாவில் தோசை, இட்லி. அதுவும் பாஞ்சாலி கையால் சுட்டு வைப்பதுதான், வாயில் போடமாட்டாள்.

டாக்டரிடம் பேச்சு வாங்கி வந்த மறுநாளிலிருந்து காலைக் களி இரண்டு உருண்டை ஒன்றானது. அந்த ஒன்றும் சின்னதானது.

"இன்னாடி இது, கோழிக் குஞ்சிக்குப் போடறா மாரி?"

"வெரலு ஒணுமா, களி ஒணுமா?"

"ரெண்டும் ஒணும்."

"சிரிப்ப பாரு. சட்டைய தூக்கு."

காலையும் ராத்திரியும் வயிற்றில் ஊசி போடுவதும் அவள்தான். கஜபதிக்கு ஊசி என்றால் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆச்சா, ஆச்சா?" என்பார். குளிர்பெட்டிக் கதவிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கோடு கோடாக ஏற்றி, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றிப் போடுவாள். அந்தக் கோடுகளில் மட்டும் அவள் கை தவறியதே கிடையாது.

சௌமியா தலை பின்னிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மே, ஊசியும் ஏத்திட்டு சாப்பாட்டையும் கொறைக்கக் கூடாதாம். போன்ல போட்டு கீறாங்க."

"போனா வந்து கால வெட்டப் போவுது? டாக்டரம்மாதான் வெட்டுவாங்க."

"அது இல்லம்மே, நைனா..."

"நைனாவுக்கு இன்னா?"

சௌமியா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். "பஸ்ஸு போயிடும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாசி மாதத்துக் கிருத்திகை வந்தது. ஆடிக் கிருத்திகைபோல ஊர் கொள்ளாத கூட்டம் இல்லை. ஆனாலும் மலை மேலிருக்கும் முருகனைப் பார்க்க சித்தூர், புத்தூர் பக்கத்திலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் ஒரு பக்கம், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் ஒரு பக்கம், ரோட்டில் நகர இடமில்லை. ஆட்டோக்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். கஜபதி விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, திருநீறு பூசி, ஊசி போட்டுக்கொண்டு, ஒரு களியை முழுங்கிவிட்டு, மத்தியான டப்பாவோடு கிளம்பினார்.

பன்னிரண்டரை மணி இருக்கும். பாஞ்சாலி பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பிரபாவதி போனைக் கொண்டுவந்து அவள் காதில் வைத்தாள்.

"யக்கா, ஸ்டாண்டு பெருமாளு பேசறேன். பயப்படாத. அண்ணனுக்கு மலை மேல வளைவுல மயக்கம் வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்கி இட்டாந்துட்டோம். நீ ஒடனே வா."

கையில் ஒட்டிய சோற்றோடு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெருமாள் நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க வேர்வை.

"இன்னா ஆச்சி பெருமாளு? வண்டி எதுலயாச்சும் மோதிச்சா?"

"அதெல்லாம் இல்லக்கா, முருகன் காப்பாத்தினான். உள்ள ஆந்திராக்காரங்க குடும்பம், கைக்கொழந்த வேற. வளைவுல வண்டி இப்படியும் அப்படியும் போவுதாம். அவங்க கத்திகினே கீறாங்க. செவத்தாண்ட போயி எப்டியோ பிரேக்க போட்டுட்டாரு. பின்னால நான் வந்துகினு இருந்தேன். போயி பாத்தா, தண்ணில முக்கி எடுத்தா மாரி ஒடம்பு. பேச்சு கொழறுது. கண்ணு எங்கியோ கீது."

"ஒண்ணியும் துன்னாம போயிட்டாரா?"

"துன்னாரேக்கா. என் முன்னாலதான் டப்பாவ தொறந்து களி, கொள்ளு எல்லாம் துன்னாரு. சுத்தமா வழிச்சித் துன்னாரு. அந்த தெலுங்கு அம்மா பஞ்சாமிர்தத்த எடுத்து வாயில வெக்க வந்துச்சி. நான்தான், அய்யய்ய, சர்க்கரக்காரரு, இனிப்பு குடுத்தா செத்துடுவாருன்னு தட்டி வுட்டேன்."

உள்ளே கஜபதி கட்டிலில் படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டிருந்தது. சௌமியா பஸ் இறங்கிய இடத்திலேயே சேதி கேட்டு முன்னாலேயே வந்து கால்மாட்டில் நின்றாள். டாக்டர் நிர்மலா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமாளிடம் சொன்னார்.

"அந்தப் பஞ்சாமிர்தத்தக் குடுத்திருந்தா அங்கயே எழுந்து உக்காந்திருப்பார். சர்க்கரை ஏறி மயங்கலப்பா, எறங்கி மயங்கியிருக்கார். இன்னும் அரைமணி போயிருந்தா நம்ம கையில இல்ல."

பெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போனான்.

டாக்டர் பாஞ்சாலியிடம் திரும்பினார். "இன்னைக்கு என்ன சாப்பிட்டார்?"

"காலீல ஒரு களி, கீர. மத்தியானம் சின்னதா ஒரு களி, கொள்ளு. தெனமும் துன்றதுதாங்க. நீங்க திட்டினதுல இருந்து கொஞ்சம் கொறச்சேன்."

"ஊசி?"

"நீங்க எழுதின அளவு. ஒரு கோடு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இதே சாப்பாடுதான் போன மாசமும் சாப்பிட்டாரு. அப்ப முந்நூத்தி நாப்பது. இந்தச் சாப்பாட்டுக்கு அவ்வளவு வரவே வராதும்மா. அந்தக் கணக்க நம்பித்தான் ஊசிய ஏத்தினேன்." கட்டிலைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வெளிய எங்க சாப்பிடறீங்க?"

கஜபதி கண்ணை மூடிக்கொண்டார்.

பாஞ்சாலி கோபமாகச் சொன்னாள்: "அவரு வெளிய தண்ணி கூட குடிக்க மாட்டாருங்க. நான் வேணா அந்த மலை மேல கையடிச்சி..."

"சொல்லு நைனா" என்றாள் சௌமியா.

சின்னக் குரல்தான். 'சொல்லிடு, இனிமேல் மறைக்காதே' என்கிற குரல். பாஞ்சாலி கட்டிலைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"இன்னா சொல்லணும்?"

சௌமியா துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்தாள்.

"உன்னத்தாண்டி கேக்கறேன். இன்னா சொல்லணும்?"

"மத்தியானம் எல்லம்மா அத்த வூட்லம்மே. தெனமும். சோறு, கருவாட்டுக் கொழம்பு, வடாம்... இன்னைக்கி கிருத்திகை. அத்த விரதம், அடுப்பு மூட்ட மாட்டாங்க. சாயங்காலம் மலைய பாத்து தீபம் காட்டினாத்தான் ஒல வெப்பாங்க. அதான் நைனா இன்னைக்கி நீ குடுத்த டப்பாவ துன்னு கீறாரு."

"இதுக்கு முன்னால கிருத்திகை வர்லியா?"

"அப்போ ஊசி கம்மியா இருந்திச்சி."

டாக்டர்தான் முதலில் பேசினார். "அன்னைக்கு உங்களத் திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கம்மா."

பாஞ்சாலி தலையசைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. டாக்டர் பிறகு கட்டிலைப் பார்த்துச் சொன்னதெல்லாம் அவள் காதில் பாதிதான் விழுந்தது.

"சோறு ஒண்ணும் விஷமில்ல பெரியவரே. கேழ்வரகும் மாவுதான். வெறும் களியா உருட்டி முழுங்கினா அதுவும் சர்க்கரைய ஏத்தத்தான் செய்யும். தட்டுல பாதி காய், கீரை வெச்சுக்குங்க. ஒரு கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ. மிச்ச கால் பாகம் சோறு வேணும்னா சோறு, களி வேணும்னா களி. உங்களுக்குப் பிடிச்சத நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா நேரத்துக்கு, அளவா, ஒளிக்காம. நீங்க ஒளிச்சு சாப்பிட்டா நான் ஊசிய குருட்டுத்தனமாத்தான் எழுதணும். ஊசிய பழைய அளவுக்கே எறக்கிடறேன்."

"சோறே துன்னலாமா டாக்டரம்மா?" கஜபதி கண்ணைத் திறந்துவிட்டார்.

வராந்தாவில் மகளை நிறுத்தினாள் பாஞ்சாலி.

"எத்தினி நாளாடி தெரியும்?"

"தீவாளிக்கி முன்ன இருந்து. காலேஜி மத்தியானத்தோட வுட்டுடும், பஸ்ஸ வுட்டு அத்த வூட்டாண்டதான் எறங்கறேன். ஒரு நாளு உள்ள போனா நைனா குந்திகினு கீறாரு."

"நீயும் துன்னியா?"

"அத்த குந்து குந்துன்னாங்க..."

"துன்னியா?"

"ஆங்."

"நான் களி துன்னுட்டு படுக்கறது தெனமும் பாத்துகினுதான இருந்த?"

"நைனா தலை மேல கை வெச்சி சத்தியம் வாங்கிட்டாரும்மே. உனுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சி பூடுவன்னு சொன்னாரு."

"இப்போ இன்னா முழுசாவா கீறேன்?" என்றாள் பாஞ்சாலி.

மறுநாள் கஜபதியை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, பள்ளிக்கூட வேலையையும் முடித்துக்கொண்டு, மூன்று மணி வெயிலில் சரவணப் பொய்கைப் பக்கம் நடந்தாள். எல்லம்மாள் கஜபதிக்கு மூத்தவள். புருஷன் போன பிறகு மலையடிவாரத்தில் தனியாக இருக்கிறாள். தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் புழங்குகிற எங்கள் பக்கத்து வழக்கப்படி பாஞ்சாலி நாத்தனாரைக் கூப்பிடுவது வதினா என்றுதான். எல்லம்மாள் வாசலில் சாக்கு விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். மாசியில் வந்த புதுப் புளி. இரும்பால் ஒரு தட்டு, கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம். கையெல்லாம் பிசுக்கு. கோழிக் கொடாப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது, நல்ல கொழுத்த ஆடு.

"வா பாஞ்சாலி. தம்பி எப்டி கீறான்? நானே பொழுது சாஞ்சதும் வரலாம்னு இருந்தேன்."

"உசுரோட கீறாரு வதினா."

"குந்து. தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம். நீ தட்டு. வேலைய வுடாத."

எல்லம்மாள் இரண்டு காயைத் தட்டினாள். அப்புறம் தானாகவே ஆரம்பித்தாள்.

"கேட்டா கேளு, எனக்கு பயமில்ல. ஆங், போட்டேன். என் கூடப் பொறந்தவன் பசிக்கிதுன்னு வந்து நின்னா கதவ சாத்திக்கணுமா? எங்கம்மா சாவறப்போ அவன் கைய என் கையிலதான் புடிச்சிக் குடுத்துச்சி."

"போட்டது தப்புன்னு சொல்ல வர்ல."

"அப்பறம்?"

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல வதினா? நேத்து அவரு வயித்துல குத்தின ஊசி என் கையால குத்தினது. நீ போட்ட சோத்துக்கு நான் ஊசி போட்டு கீறேன், எனக்கே தெரியாம. நேத்து அவரு பூட்டிருந்தா, சோறு போட்ட உன்ன யாரும் கேக்க மாட்டாங்க. பாஞ்சாலி ஊசி போட்டே கொன்னுட்டான்னு ஊரே பேசியிருக்கும். எம் பொண்ணே பேசியிருக்கும்."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? கிருத்திகைக்கி விரதம் இருக்கறது எங்க மாமியா காலத்துல இருந்து. அத வுட முடியுமா?"

"விரதத்த யாரு வுட சொன்னா?"

"உன்னாண்ட சொல்லியிருக்கலாமாம். நல்லா கீது நாயம்." எல்லம்மாள் இரும்பைக் கீழே வைத்தாள். "உன்னாண்ட சொல்ற அளவுக்கு நீ நடந்துக்கினியா? நீ மட்டும் இஸ்கூல்ல சோறு, சாம்பாரு, முட்டன்னு மூக்கு முட்ட துன்னுட்டு வருவ. வூட்டுக்கு வந்து அவனுக்கு களிய உருட்டி வெப்ப. அத நாங்க பாத்துகினு கம்முனு கெடக்கணும். இல்ல?"

பாஞ்சாலிக்கு முதலில் விளங்கவில்லை.

"யாரு மூக்கு முட்ட துன்னா?"

"நீதான்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? அவன்தான் சொன்னான். நீ குந்தி கீற அதே எடத்துல குந்திகினு சொன்னான். 'அவ முட்ட துன்னுட்டு ஏப்பம் வுட்டுகினு வரா அக்கா, எனக்கு ஆட்டுக்கு வெக்கறா மாரி கொள்ள வெக்கறா'ன்னு கண்ணால தண்ணி வுட்டான். பெத்த வயிறா இருந்தா இன்னா, கூடப் பொறந்த வயிறா இருந்தா இன்னா, கேட்டுகினு இருக்க முடியுமா? 'இனிமே மத்தியானம் நீ அங்க துன்னாதடா, இங்க வா'ன்னு நான்தான் சொன்னேன்."

"எப்போ சொன்னாரு?"

"போன வருசம் ஆடி காத்து காலத்துல."

பாஞ்சாலி ஆட்டைப் பார்த்தாள். "அப்போ நான் குடுக்கற டப்பா?"

எல்லம்மாளின் பார்வையும் ஆட்டுப் பக்கம் போனது. ஆடு அவர்கள் இருவரையும் பார்த்து ஒரு தரம் கத்தியது.

"இதுக்கா வதினா?"

"வேணாங்கறத பின்ன கொட்டவா முடியும்?"

"விடியக் காலீல எழுந்து கல்லு பொறுக்கி, கொள்ள வேக வெச்சி, கடுகு தாளிச்சி போடுவேன். வாய்க்கி ருசியா இருக்கட்டும்னு." பாஞ்சாலி சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. "நல்லாத்தான் கொழுத்து கீது."

அப்போதுதான் எல்லம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம், காரியம் என்று கூட்டத்தில் பார்ப்பதுதான். இப்படி எதிரில் வைத்துப் பார்த்து நாளாகியிருந்தது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. எல்லம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாஞ்சாலி... நீ இஸ்கூல்ல துன்றதில்லியா?"

பாஞ்சாலி எழுந்து புடவையில் ஒட்டிய புளி நாரைத் தட்டினாள்.

"ஏய், கேக்கறேன் இல்ல? துன்றதில்லியா?"

"பிரபாவதின்னு ஒருத்தி என்கூட வேல செய்யறா. அவள கேளு. எம் பேச்ச நீ நம்ப வேணாம்."

"அப்போ எதுக்குடி அவன் அப்டி சொன்னான்?" எல்லம்மாளின் குரல் உடைந்தது. "சும்மா பசிக்கிதுன்னு சொல்லியிருந்தாலும் நான் போட்டிருப்பேனே. உன்ன எதுக்கு இழுத்தான்?"

"அத நீதான் கேக்கணும். உன் தம்பி."

"பசியில ஏதோ... வாய் தவறி..."

"போன வருசத்துல இருந்து தெனமும் வாய் தவறுமா வதினா?"

எல்லம்மாள் புளிக் கையோடு எழுந்து வந்தாள். "இரு. ஒரு வாய் துன்னுட்டுப் போ. மத்தியானச் சோறு மிச்சம் கீது. இரு பாஞ்சாலி."

அவள் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சாமி விளக்கேற்றினாள். சின்னக் குண்டானில் அரிசி போட்டாள். அந்த அடுப்பில் சோறு வெந்து இரண்டு வருடம். பீன்ஸை நறுக்கி வதக்கினாள். முள்ளங்கிச் சாம்பார் வைத்தாள். ஒரு முட்டை அவித்தாள். கஜபதி பாயில் சாய்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினார். மகள் மூலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாசன பாரு. வூடு வூடா ஆயிடிச்சி."

"சட்டைய தூக்கு."

"கொறச்சிதான போடற?"

"டாக்டரம்மா சொன்ன அளவு."

ஊசி இறங்கியது. அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆச்சா? ஆங்." சட்டையை இறக்கிவிட்டுத் தட்டின் முன்னால் வந்து சம்மணம் போட்டார். அவள் தட்டில் பாதிக்குக் காய் வைத்தாள். முட்டையைப் பிளந்து வைத்தாள். மிச்ச இடத்தில் சோறு வைத்து, மேலே சாம்பார் விட்டாள்.

கஜபதி சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். உடம்பு தேறியவரின் உற்சாகம்.

"ஒண்ணு பாத்தியா? சோறே துன்னலாம்னு அந்தம்மா மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல. நான் எதுக்கு அக்கா வூட்டுக்குப் போவப் போறேன்? என்னமோ போ, மலை மேல கீறவன் நல்லது பண்ணிட்டான். இனிமே ஒரு ஒளிவும் இல்ல, மறைவும் இல்ல. நீயும் ஒரு தட்டு எடுத்தா. ரெண்டு பேரும் ஒண்ணா துன்னலாம்."

"எனக்கு வேணாம்."

"இன்னாத்துக்கு? உனுக்குத்தான் சர்க்கர இல்லியே."

"நான் இஸ்கூல்லயே துன்னுட்டு வந்துட்டேன்."

"அப்டியா?"

"ஆங். சோறு, சாம்பாரு, முட்ட. மூக்கு முட்ட. ஏப்பம் வுட்டுகினுதான் வந்தேன்."

பிசைந்த கை நின்றது. சௌமியா புத்தகத்தை மூடினாள்.

"அக்கா வூட்டுக்குப் போனியா?"

அவள் சாம்பார்க் குண்டானை மூடி வைத்தாள்.

"பாஞ்சாலி, அது வந்து... சும்மா சோறு கேட்டா, அக்கா உன்னாண்ட வந்து கேக்கும். 'இன்னாடி என் தம்பிக்கி'ன்னு சண்ட வரும். வேணாமேன்னுதான்... ஒரு பேச்சிக்கி..."

"ஒரு பேச்சிக்கி."

"மனசுல ஒண்ணும் வெச்சி சொல்லல. சத்தியமா."

"டாக்டரம்மா என்ன கேட்டப்போ செவத்த பாத்துகினு இருந்தியே. அதுவும் ஒரு பேச்சிக்கா?"

கஜபதி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வாய் கூட உள்ளே போயிருக்கவில்லை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"எனக்கு எறங்காது. வேணாம், எடுத்துடு."

பாஞ்சாலி அந்தத் தட்டை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"ஊசி போட்டாச்சி."

"பாஞ்சாலி..."

"ஊசி போட்டாச்சி. துன்னுதான் ஆவணும். துன்னு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சௌமியா பார்வையை விலக்கிக்கொண்டாள். அவர் கை தட்டுக்குப் போனது. ஒரு வாய் எடுத்து வைத்து மென்றார், வெகுநேரம் மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணிலிருந்து வழிந்தது தட்டில் விழுந்தது. இந்தத் தரம் யாரும் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அடுத்த வாயைப் பிசைந்தார்.

பாஞ்சாலி எதிரில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாயும் உள்ளே போகிறதா என்று தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.